சிறு காளான் பண்ணை: விளைச்சல் கணக்கும் வருமானக் கணக்கும்

ஒரு கிலோ காய்ந்த வைக்கோலிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோ பச்சைக் காளான் எடுக்கலாம். ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டாம், பாசனக் கிணறு வேண்டாம். வித்து போட்டு மூன்று, நான்கு வாரத்தில் முதல் அறுவடை கைக்கு வரும். இவ்வளவும் உண்மை. தமிழ்நாட்டில் எத்தனையோ குடும்பங்கள் வீட்டுக்குப் பின்புறம் தென்னங்கீற்றுக் குடில் போட்டதற்கு இந்த உண்மைதான் காரணம். அப்படிப் போட்ட குடில்களில் பல, இரண்டாவது கோடையைக்கூடத் தாண்டாமல் விறகு அடுக்கும் இடமாக மாறிப்போனதையும் எந்த மாவட்டத்திலும் பார்க்கலாம்.

விளைச்சல் இத்தனை நன்றாக வரும் தொழிலில் வருமானம் ஏன் நிலைப்பதில்லை? சமவெளியில், குடும்ப உழைப்பை நம்பி, நாளொன்றுக்குப் பத்துப் படுக்கை (வைக்கோலும் வித்தும் நிரப்பிய பை) அளவில் சிப்பிக் காளானும் பால் காளானும் வளர்ப்பவர்களை மனத்தில் வைத்து இந்தக் கேள்வியைப் பார்க்கிறேன். என் முடிவை இங்கேயே சொல்லிவிடலாம். ஒரு நல்ல படுக்கை எவ்வளவு காளான் தருகிறது என்பதைவிட, நூறு படுக்கையில் எத்தனை கெடுகின்றன, பறித்ததில் எவ்வளவு மறுநாளைக்குள் விற்கிறது என்ற இரண்டும்தான் சிறு பண்ணையின் லாபத்தைத் தீர்மானிக்கின்றன. பயிற்சி வகுப்புகளும் காணொளிகளும் விளைச்சல் கணக்கைத்தான் விரிவாகச் சொல்லித் தருகின்றன.

காளான் வளர்ப்பு நமக்குப் புதிதல்ல. 1943-லேயே கோவை வேளாண்மைக் கல்லூரியில் வைக்கோல் காளான் வளர்க்கும் முறையை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். 1962-ல் மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் சகியா பானோவும் ஸ்ரீவத்சவாவும் வைக்கோலில் சிப்பிக் காளானை வளர்த்துக் காட்டினார்கள். இமாசலப் பிரதேசத்துச் சோலனில் 1983-ல் தேசியக் காளான் ஆராய்ச்சி மையம் அமைந்தது. பால் காளான் வங்கத்து மக்கள் இயற்கையில் முளைப்பதைப் பறித்து உண்டுவந்த காளான். அதற்கு 1974-ல் புர்காயஸ்தாவும் சந்திராவும் அறிவியல் பெயர் சூட்டி விவரித்தார்கள். அதைச் சமவெளி வெப்பத்தில் வணிகமாக வளர்க்கும் முறையைச் செம்மைப்படுத்தி, ஏபிகே 2 என்ற இரகமாக 1998-ல் வெளியிட்டது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். வெயில் கொளுத்தும் ஊர்களில் காளான் வளர்ப்பவருக்கு இதைவிடப் பெரிய உதவியை எந்த ஆய்வகமும் செய்ததாக எனக்குத் தெரியவில்லை.

இந்திய உற்பத்தியில் பெரும்பங்கு மொட்டுக் காளானுடையது. பல்பொருள் அங்காடியின் குளிர்ப்பெட்டியில் வெள்ளை வெளேரென்று உருண்டையாக இருப்பது அதுதான். மொட்டு விடும் பருவத்தில் அதற்கு 16 முதல் 18 டிகிரி குளிர் வேண்டும். பல வாரம் புரட்டிப் புரட்டிப் பக்குவப்படுத்திய மக்கு உரமும் வேண்டும். உதகை, கொடைக்கானல் போன்ற மலையூர்களில் இயற்கையே குளிரைத் தந்துவிடுகிறது. சமவெளியில் அதைச் செய்ய வேண்டுமானால் குளிரூட்டிய அறைகளும் பெரிய முதலும் தேவை. எனவே சிறு பண்ணைக்குரிய பயிராக அதை நான் கருதவில்லை. ஆனால் கடை அடுக்கில் நம் சிப்பிக் காளான் போட்டியிட வேண்டியது அதனோடுதான். சிறு வளர்ப்பாளர் விலை வைக்கும்போது இதை மறக்கக் கூடாது.

இனி விளைச்சலை எப்படி அளக்கிறார்கள் என்று பார்ப்போம். காளான் துறையில் உயிரியல் திறன் என்று ஓர் அளவு உண்டு. படுக்கையில் போட்ட காய்ந்த வைக்கோலின் எடைக்கு, அதிலிருந்து மொத்தமாகப் பறித்த பச்சைக் காளானின் எடை எத்தனை சதவீதம் என்பதே அது. ஒரு கிலோ வைக்கோலுக்கு 800 கிராம் காளான் என்றால் 80 சதவீதம். சிப்பிக் காளானில் நல்ல பராமரிப்பு இருந்தால் 80 முதல் 100 வரை வரும். பால் காளானில் நூறைத் தாண்டியும் எடுக்கிறார்கள். நூறு சதவீதம் என்றதும் வைக்கோல் முழுவதும் காளானாக மாறிவிட்டதாகப் பொருளில்லை. பச்சைக் காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். பத்துக் கிலோ காளானை உலர்த்தினால் ஒரு கிலோதான் மிஞ்சும். ஆகவே இந்த அளவு இரகங்களை ஒப்பிடவும், ஒரே பண்ணையில் இந்த மாதத்தையும் போன மாதத்தையும் ஒப்பிடவும் உதவும். லாபத்துக்கு அளவுகோலாக அது போதாது. அதில் வித்தின் விலை இல்லை, கெட்டுப்போன படுக்கை இல்லை, காலை ஐந்து மணிக்கு எழுந்து பறிக்கிறவரின் நேரமும் இல்லை.

படுக்கை எங்கே கெடுகிறது என்பதைப் புரிந்துகொள்ள வேலையின் ஒழுங்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். வைக்கோலை இரண்டு அங்குலத்துக்குள் நறுக்கி, நாலைந்து மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, வெந்நீரிலோ நீராவியிலோ ஒரு மணி நேரம் வேகவைத்து, உலர்த்துவார்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது. உள்ளங்கையில் ஈரம் மட்டும் தெரிய வேண்டும். பிறகு பாலித்தீன் பையில் வைக்கோல் ஓர் அடுக்கு, ஓரத்தில் வித்து, மறுபடி வைக்கோல் என்று நாலைந்து அடுக்காக நிரப்பிக் கட்டி, துளையிட்டு, உறியில் தொங்கவிடுவார்கள். பதினைந்து முதல் இருபது நாளில் வெள்ளைப் பூசண இழை பை முழுவதும் படர்ந்துவிடும். அடுத்த அறையில் காற்றும் மெல்லிய வெளிச்சமும் 80 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதமும் கொடுத்தால் குண்டூசித் தலைபோல மொட்டு கிளம்பும். மூன்று நாளில் பறிக்கலாம். ஏறக்குறைய நாற்பத்தைந்து நாளில் மூன்று அறுப்பு முடிந்துவிடும்.

பிழிந்து பார்க்கும் அந்த ஒரு நொடியில்தான் பாதி லாபம் இருக்கிறது என்பேன். ஈரம் மிகுந்தால் பையின் அடியில் தண்ணீர் தேங்கி நாறும். மைக்குடைக் காளான் என்னும் களை முளைக்கும். வேகவைத்தது போதாவிட்டால் பச்சைப் பூசணம் வரும். பச்சைத் திட்டு கண்ட பையை அன்றைக்கே குடிலைவிட்டு வெகுதூரம் கொண்டுபோய்விட வேண்டும். மனமில்லாமல் இரண்டு நாள் விட்டுவைத்தால் பக்கத்து உறிகளுக்கும் அது பரவும். ஈக்களும் இப்படித்தான், ஒரு பையில் புழு வைத்தால் அடுத்த மாதத்துப் பைகள் வரை தொடரும்.

வைக்கோலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மழையில் நனைந்து கறுத்த வைக்கோலில் வேறு பூசணங்கள் ஏற்கெனவே குடியேறியிருக்கும். கையால் அறுத்துக் களத்தில் அடித்த நீண்ட, பொன்னிற வைக்கோல் அரிதாகிவிட்டது. இப்போது பெரும்பாலும் அறுவடை எந்திரம் துப்பிய வைக்கோலைக் கட்டு எந்திரம் சுருட்டித் தருகிறது. அதில் மண் கலந்திருக்கும், தாள் நசுங்கியிருக்கும், கட்டின் நடுவில் ஈரமும் தங்கியிருக்கும். மாதம் 250 படுக்கை போடுகிறவருக்கு ஆண்டுக்கு மூன்று டன் வைக்கோல் வேண்டும். கோடையில் மாட்டுத் தீவனத்துக்கே தட்டுப்பாடு வரும்போது விலை ஏறிவிடும். தை, மாசி அறுவடையில் நல்ல வெயிலில் காய்ந்ததை மொத்தமாக வாங்கி, நனையாமல் அடுக்கிவைக்க இடம் உள்ளவருக்குத்தான் செலவு கட்டுப்படும். குடிலுக்கு இணையாக வைக்கோல் கொட்டகைக்கும் முதல் ஒதுக்க வேண்டும் என்பது திட்ட அறிக்கைகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது.

வேகவைப்பதற்குப் பதிலாகப் பார்மலின், கார்பெண்டசிம் கலந்த தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவைக்கும் முறையும் நீண்டகாலமாகப் பழக்கத்தில் இருக்கிறது. விறகும் கேஸும் மிச்சமாகும். எனக்கு இதில் உடன்பாடில்லை. பார்மலின் கண்ணையும் மூச்சையும் எரிக்கும். வெறுங்கையோடு அந்த வைக்கோலை அள்ளுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான். உண்ணும் பொருள் வளரும் இடத்தில் பூசணக்கொல்லி எதற்கு என்று வாங்குகிறவர் கேட்டால் சொல்ல நல்ல பதிலும் இல்லை. மூடியிட்ட இரும்புப் பீப்பாயில் நீராவி ஏற்றும் முறைக்கு ஒரு படுக்கைக்குச் சில ரூபாய் கூடுதலாகும். அந்தச் சில ரூபாயைச் செலவழிப்பதே சரி.

இப்போது பணக் கணக்கு. கீழே வரும் விலைகள் உதாரணத்துக்காக நான் வைத்தவை. ஊருக்கு ஊர் மாறும், உங்கள் ஊர் விலையைப் போட்டுத் திரும்பக் கணக்கிடுங்கள். ஒரு படுக்கைக்கு ஒரு கிலோ வைக்கோல், வண்டிக் கூலியோடு 10 ரூபாய். அரைப் பொட்டலம் வித்து 25 ரூபாய். பையும் கட்டுக்கயிறும் 4. வேகவைக்கும் எரிபொருள், மின்சாரம், தண்ணீர் 8. விற்பனைப் பொட்டல உறைகள் 10. ஆகக் கைக்காசு 57 ரூபாய். நாளைக்குப் பத்துப் படுக்கை போட்டு, மற்றவற்றுக்குத் தண்ணீர் தெளித்து, பறித்து, கட்டி, கடைக்குக் கொண்டுபோக மொத்தம் நாலு மணி நேரம் ஆகிறது என்று கொள்வோம். மணிக்கு 60 ரூபாய் வைத்தால் படுக்கைக்கு 24. குடிலுக்கு ஒரு லட்சம் செலவழித்து நாலாண்டில் கழிப்பதானால், ஆண்டுக்கு 3,000 படுக்கையில் ஒன்றுக்கு ஏறத்தாழ 8. எல்லாம் சேர்த்து 89 ரூபாய்.

ஒரு படுக்கை 850 கிராம் தந்து, கடைக்காரர் கிலோவுக்கு 160 கொடுத்தால் வரவு 136. லாபம் 47 ரூபாய். மாதம் 250 படுக்கைக்கு 11,750 ரூபாய். தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட கூலி 6,000-ஐயும் சேர்த்தால் வீட்டுக்கு 17,750 வருகிறது. அரைநாள் வேலைக்கு இது நல்ல வருமானம். இந்தக் கணக்கைக் காட்டித்தான் எல்லோரும் தொடங்குகிறார்கள்.

இதிலேயே நூற்றுக்குப் பதினைந்து படுக்கை கெட்டுப்போவதாக வையுங்கள். புதியவர் ஒருவருக்கு மழைக்காலத்திலோ கோடையிலோ இது சாதாரணம். செலவு அப்படியே நிற்கும். சராசரி விளைச்சல் 722 கிராமாக இறங்கும். லாபம் 47-லிருந்து 26 ஆகிவிடும். பறித்ததில் பத்தில் ஒரு பங்கு விற்காமல் போனால் விற்பது 650 கிராம், வரவு 104, லாபம் 15 ரூபாய். படுக்கை ஆறில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் கெட்டது, காளான் பத்தில் ஒரு பங்குதான் மீந்தது. ஆனால் லாபத்தில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. நாலு மணி நேரம் என்று நினைத்த வேலை ஆறு மணி நேரம் ஆகிவிட்டால் மிச்சம் இருப்பது மூன்று ரூபாய். இந்தத் தொழிலில் விழுகிறவர்கள் விழுவது ஒரே பெரிய அடியால் அல்ல; தனித்தனியே பார்த்தால் தாங்கக்கூடியவை போலத் தெரியும் மூன்று சிறு இழப்புகள் ஒரே மாதத்தில் சேர்வதால்தான்.

வீட்டார் உழைப்புக்குக் கூலி எழுதாமல் லாபம் காட்டும் கணக்குகள் ஏராளம். மனைவியும் மாமியாரும் காலையும் மாலையும் குடிலில் நிற்பது செலவில் வராது. இது நியாயமில்லை என்பதோடு, தொழிலுக்கும் ஆபத்து. ஆர்டர் பெருகி வெளியாள் வைக்க வேண்டிவரும் நாளில்தான், இதுவரை லாபம் என்று நினைத்தது கூலி என்று தெரியவரும். படுக்கைக்கு 24 ரூபாய் வேலைக்கூலி எழுதியும் மிஞ்சுகிறதா என்று முதல் மாதத்திலிருந்தே பார்ப்பவர்கள்தான் பிற்பாடு பண்ணையைப் பெரிதாக்க முடிகிறது.

வித்து இன்னொரு தலைவலி. சோளத்தை அரைவேக்காடாக வேகவைத்து, கிருமி நீக்கி, தாய் வித்திலிருந்து பூசணத்தை ஏற்றி வளர்த்ததுதான் படுக்கை வித்து. பதினைந்து இருபது நாள் வயதில் அது வீரியமாக இருக்கும். மாதம் தாண்டினால் தளரும். வெயிலில் பேருந்துப் பெட்டியில் பயணம் செய்து வந்தாலும் தளரும். தளர்ந்த வித்தில் இழை மெதுவாகப் படர்கிறது. அந்த இடைவெளியில் பச்சைப் பூசணம் முந்திக்கொள்கிறது. படுக்கை கெட்டதும் வளர்ப்பவர் தன் கையைத்தான் நொந்துகொள்கிறார். குற்றம் பொட்டலத்தில் இருந்திருக்கலாம் என்று நிரூபிக்க அவரிடம் எதுவும் இல்லை. இதற்குச் செலவில்லாத ஒரு தற்காப்பு உண்டு. ஒவ்வொரு படுக்கையிலும் வித்து வந்த நாளையும் தொகுதியையும் எழுதி ஒட்டி, நோட்டிலும் குறித்துவைப்பது. ஒரே தொகுதியில் பல படுக்கை கெட்டால் வித்தின் மேல் சந்தேகம். எல்லாத் தொகுதியிலும் கொஞ்சம் கொஞ்சம் கெட்டால் வேகவைப்பதில் குறை. இந்த நோட்டுப் புத்தகம் இல்லாத பண்ணையில் எந்த அனுபவமும் சேர்வதில்லை.

பருவத்தைப் பொறுத்தவரை, சிப்பிக் காளானுக்குப் பிடித்தது 23 முதல் 28 டிகிரி. சமவெளியில் ஐப்பசி முதல் மாசி வரை அது தானாகவே கிடைத்துவிடும். அந்த மாதங்களில் தொடங்கியவர் தன் கைராசியை நம்பிவிடுவார். சித்திரை வெயிலில் குடிலுக்குள் 35 டிகிரி ஏறும்போது மொட்டு கருகும், ஈரச்சாக்கும் மணற்பரப்பும் தெளிப்பானும் போதாமல் போகும். பால் காளான் இங்கேதான் கைகொடுக்கிறது. 30 முதல் 35 டிகிரியில்தான் அது நன்றாக வளர்கிறது. நிலத்தில் பாதி பள்ளம் தோண்டி, மேலே நீல நிறச் சில்பாலின் விரிப்புப் போட்ட குடில் அதற்குப் போதும். இழை படர்ந்த பையை இரண்டாக வெட்டி, வேகவைத்த மண்ணை ஓர் அங்குலத்துக்குள் மேலே பரப்ப வேண்டும். அந்த மண் வேலை கூடுதல் உழைப்பு. முதல் அறுவடைக்குச் சிப்பிக் காளானைவிடக் கூடுதல் நாள் காத்திருக்கவும் வேண்டும். பலன், பறித்த பின் அறை வெப்பத்தில் மூன்று நாளுக்கு மேல் தாங்கும் வெள்ளை வெளேரென்ற கெட்டியான காளான். சிப்பிக் காளானோ மறுநாளே வாடி மஞ்சளித்துவிடுகிறது. ஆகவே பால் காளானின் உண்மையான லாபம் அதன் உயர்ந்த விளைச்சலைவிட, விற்பதற்கு அது தரும் கூடுதல் இரண்டு நாளில் இருக்கிறது. குளிர்காலம் சிப்பி, கோடை பால் என்று மாற்றி மாற்றி ஓட்டுவதே சமவெளிச் சிறு பண்ணைக்கு ஏற்றது. ஒன்றை மட்டும் நம்பி ஆண்டு முழுவதும் ஓட்ட முயல்வது வீண் மின்கட்டணம்.

இலங்கையில் வைக்கோலுக்குப் பதில் ரப்பர் மரத்தூள் பெருவழக்கு; கேரளத்திலும் சிலர் அதைப் பயன்படுத்துகிறார்கள். தவிடும் சுண்ணாம்பும் கலந்து, தடித்த பையில் அடைத்து, பீப்பாயில் பல மணி நேரம் ஆவியில் வேகவைக்கிறார்கள். எரிபொருள் செலவு அதிகம். ஆனால் மரத்தூள் ஒரே சீராகக் கிடைக்கிறது, பை அதிக நாள் காய்க்கிறது. மர அறுவை ஆலை பக்கத்தில் உள்ளவர்கள் இதைச் சோதித்துப் பார்க்கலாம். டெல்டா மாவட்டத்துக்காரருக்கு வைக்கோலே சரி.

விற்பனைதான் இந்தக் கட்டுரையின் மையம். 250 படுக்கை தரும் 212 கிலோவை முப்பது நாளுக்குப் பிரித்தால் தினம் ஏழு கிலோ. 200 கிராம் பொட்டலமாக 35. ஒரு சிறு நகரத்தில் தினமும் 35 வீடுகள் காளான் வாங்க வேண்டும். சொல்ல எளிது. காளானை இன்னும் அசைவத்தோடு சேர்த்து ஒதுக்கும் வீடுகள் உண்டு. நச்சுக் காளான் பயம் உண்டு. சிப்பிக் காளானைப் பார்த்ததே இல்லாதவர்களும் உண்டு. மறுபுறம், புரட்டாசி வந்தால் கேட்டவருக்குக் கொடுக்க முடிவதில்லை. கார்த்திகை, மார்கழி விரத நாள்களிலும் தேவை ஏறும். அதே ஊரில் ஆடியில் பொட்டலம் தேங்கும். படுக்கை போட்ட நாளிலிருந்து காளான் வர மூன்று, நான்கு வாரம் ஆவதால், புரட்டாசிக்கு ஆவணி தொடக்கத்திலேயே படுக்கையைக் கூட்ட வேண்டும். புரட்டாசி பிறந்ததுமே குறைக்கவும் தொடங்க வேண்டும். நாட்காட்டியை எதிரே மாட்டிப் படுக்கை எண்ணிக்கையை ஏற்றி இறக்குவது உரம், மருந்து எதையும்விட அதிக லாபம் தரும் திறன்.

எங்கே விற்பது? காய்கறி மண்டிக்குப் போனால் மொத்தமும் ஒரே கையில் போய்விடும், விலை அடிபடும். மளிகைக் கடையில் வைத்தால் விற்காததைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும்; அந்த நட்டம் வளர்ப்பவர் தலையில். உணவகங்களும் சமையல் ஒப்பந்தக்காரர்களும் காளான் பிரியாணிக்கு மொத்தமாகக் கேட்பார்கள். ஆனால் கேட்ட நாளில் கேட்ட எடை இருந்தாக வேண்டும், பணம் பிந்தி வரும். (கொங்கு நாட்டு மாலை நேரக் கடைகளில் காளான் என்ற பெயரில் விற்கும் பண்டத்தில் பெரும்பகுதி முட்டைக்கோஸ்தான், அந்தக் கூட்டத்தைப் பார்த்துத் தேவையை மதிப்பிட வேண்டாம்.) நேரடியாக வீடுகளுக்கும், உழவர் சந்தையிலும், அடுக்குமாடிக் குடியிருப்பிலும் விற்றால் கிலோவுக்கு 200-ம் அதற்கு மேலும் கிடைக்கும். நம் கணக்கில் 160-ஐ 200 ஆக்கினாலே படுக்கைக்கு 34 ரூபாய் கூடுகிறது. விளைச்சலை 850-லிருந்து 950 கிராமாக ஆக்கும் அரும்பாட்டுக்குக் கிடைப்பதோ 16 ரூபாய். நாளைக்கு ஒரு மணி நேரம் மிச்சம் இருந்தால் அதைக் குடிலுக்குள் செலவிடுவதைவிட வாடிக்கையாளர் வீட்டு வாசலில் செலவிடுவது மேல்.

மீந்ததை உலர்த்திப் பொடியாக்கலாம், ஊறுகாய் போடலாம், சூப் கலவை செய்யலாம் என்று பயிற்சிகளில் சொல்வார்கள். பத்துக் கிலோ பச்சைக் காளானுக்கு ஒரு கிலோ உலர் காளான் என்பதால், உலர்ந்தது கிலோ 1,600 ரூபாய்க்கு மேல் விற்றால்தான் பச்சையாக விற்ற விலையே தேறும். உலர்த்தும் செலவு தனி. உணவுப் பாதுகாப்புப் பதிவும் வேண்டும். மீந்ததை வீணாக்காமல் காக்க இது நல்ல வழி. இதற்காகவே காளான் வளர்ப்பது சிறு பண்ணைக்கு இப்போதைக்குக் கட்டுபடியாகாது. ஓய்ந்துபோன படுக்கை வைக்கோலை மண்புழு உரமாக்குவது மட்டும் செலவில்லாத வரவு. வீட்டுத் தோட்டமோ மாடித் தோட்டக்காரர் பழக்கமோ உள்ளவர் அதை விடக் கூடாது.

வளர்த்தால் போதும், எல்லாவற்றையும் நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்று விளம்பரம் செய்கிறவர்களைப் பற்றி எச்சரிக்காமல் போக முடியாது. முன்பணம் வாங்கி, வித்தும் பையும் சந்தையைவிடக் கூடிய விலைக்கு விற்று, சில மாதம் காளானை எடுத்துப் பணம் கொடுத்து நம்பிக்கை ஊட்டி, பிறகு தரம் சரியில்லை என்று தட்டிக்கழிக்கும் முறை இது. அவர்களுடைய லாபம் வித்து விற்பதில் இருக்கிறது. காளான் விற்பதில் இல்லை. 2012-ல் பெருந்துறை வட்டாரத்தில் இதே பாணி ஈமு கோழித் திட்டங்கள் சரிந்தபோது எத்தனை குடும்பங்கள் முதலை இழந்தன என்பதைக் கொங்கு மண்டலம் மறந்திருக்காது. மருத்துவக் காளான் வளர்த்தால் கிலோ லட்ச ரூபாய் என்று இப்போது வரும் விளம்பரங்களையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். ஆய்வகத் தூய்மையும் வாங்குவோர் பட்டியலும் கையில் இல்லாதவர் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

அரசு உதவி இருக்கிறது. ஆனால் அதன் அளவு எல்லா நேரமும் சிறு பண்ணையின் அளவுக்குப் பொருந்தியதில்லை. தோட்டக்கலை ஒருங்கிணைந்த வளர்ச்சித் திட்டத்தின் 2014 வழிகாட்டு நெறிகள் ஒரு காளான் உற்பத்திக் கூடத்துக்கு 20 லட்சம் ரூபாய் மதிப்பீடு வைத்து, தனியாருக்கு வங்கிக் கடனோடு இணைந்த 40 சதவீத மானியம் தந்தன. ஒரு லட்ச ரூபாய்க் குடில் போடுகிறவருக்கு அதில் இடம் எங்கே இருந்தது? மானியத்துக்காகவே பண்ணையைத் தாங்க முடியாத அளவுக்குப் பெரிதாக்கிக் கடனில் மாட்டிக்கொள்ளும் ஆபத்துதான் மிச்சம். வேளாண்மைப் பல்கலைக்கழகமும் வேளாண் அறிவியல் நிலையங்களும் நடத்தும் குறைந்த கட்டணப் பயிற்சிகள் இதைவிடப் பயனுள்ளவை. அவற்றில் வளர்ப்பு முறைக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியையாவது கணக்குக்கும் விற்பனைக்கும் ஒதுக்க வேண்டும்.

உடல்நலம் பற்றிப் பேசாமல் லாபம் பேசுவது முறையல்ல. சிப்பிக் காளான் முற்றினால் கோடிக்கணக்கில் வித்துத்தூளைக் காற்றில் விடும். மூடிய குடிலில் நாளெல்லாம் அதைச் சுவாசிப்பவர்களுக்கு இருமல், காய்ச்சல், மூச்சிரைப்பு வரும். காளான் தொழிலாளர் நுரையீரல் நோய் என்றே மருத்துவத்தில் அதற்குப் பெயர் உண்டு. காளானின் ஓரம் மேல்நோக்கிச் சுருளும் முன்பே பறிப்பதும், குடிலுக்குள் நுழையுமுன் முகக்கவசம் அணிவதும், கதவைத் திறந்து காற்றாடவிடுவதும் இதைப் பெருமளவு தடுக்கும். இளசாகப் பறித்த காளான் கூடுதல் நாள் தாங்கும், கூடுதல் விலைக்கும் போகும். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்தத் தொழிலுக்கு வரும் முன் மருத்துவரைக் கேட்டுவிடட்டும்.

அப்படியானால் யார் இதில் இறங்கலாம்? வீட்டை ஒட்டி முந்நூறு, நானூறு சதுர அடி நிழல் உள்ளவர்; நாளுக்கு நாலு மணி நேரம் தவறாமல் தரக்கூடிய இருவர் வீட்டில் இருப்பவர்; நகரத்துக்கு அரை மணி நேரப் பயணத்தில் இருப்பவர்; குடும்பச் செலவுக்கு வேறொரு வருமானம் உள்ளவர். இவர்களுக்குக் காளான் உறுதியான துணை வருமானம். இருக்கும் வேலையை விட்டுவிட்டு, கடன் வாங்கி, இதை மட்டுமே நம்பி முதல் ஆண்டிலேயே குடும்பம் நடத்த நினைப்பவருக்கு இது ஏற்றதல்ல. குடில் போடும் முன்பே, பக்கத்து வளர்ப்பாளர் ஒருவரிடம் வாரம் பத்துக் கிலோ வாங்கி இரண்டு மாதம் விற்றுப் பாருங்கள். அந்தப் பத்துக் கிலோ தடையில்லாமல் போனால் ஐம்பது படுக்கையில் தொடங்குங்கள். போகாவிட்டால் உங்கள் ஒரு லட்சம் மிச்சம்.

வேளாண்மைத் துறையிடம் ஒரு கோரிக்கையும் உண்டு. விற்பனைக்கு வரும் ஒவ்வொரு வித்துப் பொட்டலத்திலும் இரகத்தின் பெயர், தயாரித்த நாள், தொகுதி எண், தயாரித்தவர் முகவரி ஆகிய நான்கையும் கட்டாயமாக்க வேண்டும். மாவட்டத்துக்கு ஓர் இடத்திலாவது வளர்ப்பவர் சந்தேகப்படும் வித்தைக் கொண்டுவந்து சோதிக்க வசதி செய்ய வேண்டும். பெரிய கூடங்களுக்கு மானியம் தருவதைவிட இது மிகக் குறைந்த செலவில் முடியும். நாளைக்குப் பத்துப் படுக்கை போடும் வீடுகளுக்கு நேராகப் போய்ச் சேரும்.